பத்துச் செம்புத் தண்ணீர்

காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கெண்டைக்கால் தண்ணீரில் நிற்கிறவளிடம் போய், நீ தண்ணீர் குடிக்காததால்தான் இந்த வியாதி வந்தது என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அம்சத்துக்கு வந்தது. மாயவரம் ஆஸ்பத்திரியில், இடது விலாவை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்த நிலையிலும் சுள்ளென்று வந்தது.

சொன்னவர் டாக்டர் ஹபீபுன்னிசா. நெட்டையான மனுஷி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள் தெரிந்தன. அதற்குக் கீழே, கொள்ளு ஒன்று தவறி விழுந்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

"இதான் கல்லு. சிறுநீரகத்துலேருந்து இறங்கிக் குழாயில வந்து அடைச்சிக்கிட்டு நிக்கிது. நீ ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பே?"

"காலையில கஞ்சியோட போறதுதாங்க. பொறவு பொழுது சாஞ்சு ஊட்டுக்கு வந்துதான்."

"நடுவுல?"

"வயல்ல நிக்கிறேன். எப்புடிக் குடிக்கிறது?"

"ஏன், வயல்ல தண்ணிக்கா பஞ்சம்? வாய்க்கால் நிறையப் போகுதே?"

"தண்ணி இருக்குங்க டாக்டரம்மா. குடிச்சா போவத்தான் எடம் இல்ல."

ஹபீபுன்னிசா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அவரும் பொம்பளைதானே, மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை.

வலி வந்தது முந்தின நாள் முற்பகல். எழுபத்து நாலாம் வருஷத்து ஆனி மாதம். மேட்டூர் அணை திறந்து, மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குத் தெற்கே வாய்க்கால்களெல்லாம் தளும்பி, குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மிராசுதார் பஞ்சநதத்தின் படுகையோரத்து வயலில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். வரிசைக்கு முதல் ஆள் அம்சம். அவள் கை போகிற வேகத்துக்குத்தான் மற்ற கைகள் போகும். திடீரென்று இடுப்பின் இடப்பக்கத்தில் யாரோ கடப்பாரையைச் செருகித் திருகுகிற மாதிரி ஒரு வலி. விலாவில் பிடித்தது அடிவயிற்றுக்கு இறங்கித் தொடை வரை ஓடிற்று. உட்கார்ந்து பார்த்தாள், நின்று பார்த்தாள், வரப்பில் படுத்துப் புரண்டு பார்த்தாள். எப்படி இருந்தாலும் விடவில்லை. பித்தம் பித்தமாக வாந்தி எடுத்தாள். மூன்று பிள்ளை பெற்றவள் அவள். அந்த மூன்று வலியும் இதன் முன்னால் தூசு.

குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்ற பஞ்சநதம், "அவளைத் தூக்கி ஓரமாப் போடுங்க. நாத்து காயிது பாரு" என்றார். அம்சத்தின் மகள் வேம்பு ஓடிப்போய் அப்பனைக் கூட்டிவர, அவன் வண்டி கட்டி மாயவரம் கொண்டுவந்து சேர்த்தான்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார்.

"கல்லு சின்னதுதான். தண்ணி குடிச்சா தானா வெளிய வந்துடும். ஒரு நாளைக்குப் பத்துச் செம்பு குடிக்கணும். ராத்திரி மொத்தமாக் குடிச்சிட்டுப் படுத்தா ஆகாது, நாள் பூராப் பரவலாக் குடிக்கணும். மூத்திரம் வைக்கோல் ஊறின தண்ணியை விட வெளுப்பாப் போகணும். மஞ்சளாப் போனா குடிச்சது பத்தலன்னு அர்த்தம். கருவாடு, ஊறுகாய், உப்பு எல்லாத்தையும் குறைச்சுக்க. வந்தா அடக்காதே. துணியில வடிகட்டிப் பாரு, கல்லு விழுந்தா எடுத்துக்கிட்டு வா. காய்ச்சல், குளிர் வந்தா ஒரு நிமிஷம் நிக்காம இங்க வந்துடு. மூணு வாரத்துல வரலன்னா தஞ்சாவூருக்குத்தான் அனுப்பணும். அங்க விலாவைக் கிழிச்சு எடுப்பாங்க. அப்பறம் ரொம்ப நாளைக்குக் குனிய முடியாது."

"குனியலன்னா நான் எதுக்குங்க ஆவேன்?" என்றாள் அம்சம்.

நியாயமான கேள்வி. நடவு, களை, அறுப்பு, கதிர்க்கட்டு, எல்லாமே குனிந்துதான். நிமிர்ந்து நின்று செய்கிற வேலை அந்தத் தெருவில் யாருக்கும் வாய்த்ததில்லை.

ஹபீபுன்னிசா ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை எடுத்துத் தமிழில் எழுதினார். இந்தப் பெண்ணுக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது, வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழித்து வரவும் இவளை அனுமதிக்க வேண்டும் என்று நாலு வரி. கீழே கையெழுத்தும் முத்திரையும். படித்துக் காட்டியதும் அம்சம் கேட்டாள்.

"எங்க போயிட்டு வர்றதுன்னு எழுதலியேம்மா?"

"அது என் கையில இல்லம்மா" என்றார் டாக்டர்.

அது பஞ்சநதத்தின் கையில் இருந்தது. வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒன்றேகால் ஏக்கரில் ஒரு திடல். சர்க்கார் புறம்போக்கு. கருவையும் தாழையும் மண்டிக் கிடந்ததால் ஒதுங்க வசதி. அம்சத்தின் மாமியாரும், மாமியாரின் மாமியாரும் போன இடம். மற்ற பக்கமெல்லாம் வெட்டவெளி. கிழக்கே பஸ் போகிற தார்ரோடும் டீக்கடையும். வடக்கே மேலத்தெருக்காரர்களின் குளியல் துறை. தெற்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல், ஒரு புதர் கிடையாது. ஆம்பளைக்கு என்ன, நாலு வரப்பு தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றால் முடிந்தது காரியம்.

அந்தத் திடலைத்தான் பஞ்சநதம் தை மாதம் முள்கம்பி போட்டு வளைத்தார். மனுஷர் சாமானியப்பட்டவர் அல்ல. அறுபத்தேழு தேர்தல் முடிந்த மறு மாதமே பழைய கட்சித் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு ஜெயித்த கட்சியின் கரைவேட்டிக்கு மாறியவர். உச்சவரம்புச் சட்டம் வந்ததும் பாதி நிலத்தைச் செத்துப்போன மாமனார் பெயரிலும் பிறக்காத பேரன் பெயரிலும் எழுதிவைத்தவர். திடலைக் குடிமனைக்குக் கொடு என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் மனுப் போட்டது அவர் காதுக்கு வந்தது. அவ்வளவுதான், ஒரே நாளில் கம்பி வேலி, நாற்பது தென்னங்கன்று, ஒரு காவல்காரன். கன்று மரமானால் அனுபோகம், அனுபோகம் நின்றால் பட்டா. தாசில்தார் வந்து பார்த்துவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பெண்களுக்கு இருட்டுதான் கதவு. விடியுமுன் ஒருதரம், பொழுது இறங்கியபின் ஒருதரம். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் கிடையாது.

உள்ளதைச் சொன்னால், திடல் திறந்து கிடந்த காலத்திலும் இவர்கள் தண்ணீர் குடித்ததில்லை. நடவு வரிசையில் ஒருத்தி கரையேறினால் அவள் பாகத்தைப் பக்கத்தில் இருக்கிறவள் சேர்த்து நட வேண்டும். வரிசை கோணும், ஏச்சு வரும். அதனால் குடிக்காமல் இருப்பதையே ஒரு கெட்டிக்காரத்தனமாக ஆக்கிவைத்திருந்தார்கள். அறுபது வயசு காத்தாயி, "நாப்பது வருசமா நடுறேன். நடுவுல ஒரு நா கரையேறியிருப்பனா, கேட்டுப் பாரு" என்று பெருமை பேசுவாள். நடவுக்கு முதன்முதலாக வருகிற பெண்ணுக்கு நாற்றுப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்குமுன் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்: காலையில் கருவாட்டை வைத்துக்கொண்டு கஞ்சியைக் கட்டியாகத் தின்னு, தண்ணீரைத் தொடாதே.

போன வருஷம் வேம்புக்குப் பதினஞ்சு வயசு. முதல் நடவு. வெயில் தாங்காமல் செம்பைக் கவிழ்த்து மடக் மடக்கென்று குடித்தது குழந்தை. அம்சம் அத்தனை பேர் முன்னாலும் அந்தச் செம்பைத் தட்டிவிட்டாள். "மானங்கெட்டவளே, நடுவுல எப்புடிடி கரையேறுவே?" என்று கத்தினாள். செம்பு சேற்றில் போய் விழுந்தது. அதன் பிறகு வேம்பு வயலில் தண்ணீர் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அம்சம் சீட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். பஞ்சநதம் மோட்டார் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெள்ளிக் கூஜா. அவர் எங்கே போனாலும் அந்தக் கூஜா பின்னாலேயே வரும், காரணம் ஊருக்கே தெரியும். முந்தின வருஷம் மாசியில் இதே கல் அவருக்கும் வந்தது. கூடத்தில் புரண்டு, "ஐயோ, என்னெக் கொன்னுடுங்கடா" என்று அலறியது கொல்லை தாண்டிக் கேட்டது. கார் வைத்துப் பட்டணம் போனார். திரும்பிவந்து வீட்டுக்குள்ளேயே பளிங்குக்கல் பதித்துக் கக்கூஸ் கட்டினார். தினமும் வாழைத்தண்டுச் சாறு. அந்தத் தண்டுகளை வெட்டிச் சுமந்துபோய்ப் போட்டவளே அம்சம்தான்.

பஞ்சநதம் சீட்டை வாங்கி முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு நாற்றுக்கட்டுத் தூக்கிய ஆட்களைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"பாத்தியாடா, மூத்திரம் பேய சர்க்கார் முத்திரை வாங்கியாந்திருக்கா! நாளைக்குக் கொட்டாவி விடவும் சீட்டு வாங்கியாருவாளுவ."

ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் வேலை போகும், அது வேறு.

"ஐயா, திடல்ல ஒரு ஓரம் வழி விட்டாப் போதும்" என்றாள் அம்சம். "தென்னங்கன்னுல கையே வெக்க மாட்டோம்."

"இன்னிக்கு ஒதுங்க வழி கேப்ப, நாளைக்கு ஒம் புருசன் அங்க கொடிய நட்டுக் குடிசை போடுவான். எனக்குத் தெரியாதா ஒங்க சங்கதி?"

"ஒங்களுக்கும் வந்துச்சேங்க அந்த வலி. எப்புடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாததா?"

அவர் முகம் கறுத்தது. "எனக்கு வந்துது, ஒனக்கும் வந்துதுன்னா ரெண்டு பேரும் ஒண்ணாயிருவமாடி? நாக்க அடக்கு" என்றார். சீட்டைக் கசக்கி வயலில் எறிந்தார். அம்சம் இறங்கிப் போய் அதை எடுத்து, சேற்றை வழித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பளிங்குக்கல் பதித்தவனுக்கு வந்தால் வியாதி, தனக்கு வந்தால் திமிரா என்று நினைக்க நினைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதைவிடப் பெரிய கோபம் அன்று சாயங்காலம் காத்திருந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் சங்கக் கூட்டம். அம்சத்தின் புருஷன் வைரக்கண்ணுதான் கிளைச் செயலாளர். தைரியசாலி என்றால் தைரியசாலி. போலீஸ் அடித்த தடி முதுகில் இன்னும் தழும்பாக இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கிழக்கே கூலி கேட்டவர்களைக் குடிசையோடு வைத்துக் கொளுத்திய மறுநாள், தெருவில் முக்கால்வாசிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டபோது கொடிக்கம்பத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தவன். அவன் கோரிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தான். கூலி உயர்வு, திடல் குடிமனைக்கு, பொய் வழக்கு வாபஸ்.

"நாலாவதா ஒண்ணு எழுது" என்றாள் அம்சம். "பொம்பளைவ ஒதுங்க எடம். அதுவரைக்கும் திடலுக்கு வழி."

ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். பின்னால் எவனோ களுக்கென்று சிரித்தான். வைரக்கண்ணுவின் காது சிவந்தது.

"அதெல்லாம் மனுவுல எழுதுறதா? தாசில்தார் படிப்பாரு, கலெக்டர் படிப்பாரு. வெக்கமா இல்ல ஒனக்கு?"

"வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத்தான்யா எனக்குக் கல்லு வந்துச்சு. ஒன் முதுவுல அடிபட்ட தழும்ப மேடையேறிச் சட்டயக் கழட்டிக் காமிச்சியே, எனக்குப் படம் புடிச்சுக் காமிச்ச கல்ல நான் எங்க காமிக்கிறது?"

"திடல் மனையா வந்துட்டா அதுவும் தன்னால சரியாப் போயிடும் அம்சம். செத்த பொறு."

"எத்தன நா பொறுக்கணும், நீயே சொல்லு. மூணு வாரந்தான் டாக்டரம்மா தவணை சொல்லியிருக்கு."

நாலாவது கோரிக்கை எழுதப்படவில்லை. போலீஸ் தடிக்கு அஞ்சாதவன் ஒரு சொல்லுக்கு அஞ்சினான். அம்சம் அவனுக்கு அன்று சோறு போட்டாள், பேசவில்லை.

காத்தாயி தன் பங்குக்குச் சிறுபீளையும் நெருஞ்சிலும் பிடுங்கிவந்து கஷாயம் வைத்துக் கொடுத்தாள். விடியுமுன் மூன்று செம்பு, வேலை விட்டு வந்து நாலு செம்பு என்று அம்சம் குடித்துப் பார்த்தாள். பகல் முழுக்க வறண்டு கிடந்துவிட்டு இரண்டு முனையில் ஊற்றினால் எப்படிச் சேரும்? மூத்திரம் மஞ்சளாகவே போயிற்று, சில நாள் செம்மண் கரைத்த மாதிரியும் போயிற்று. தினமும் ஆளில்லாத நேரம் பார்த்துத் துணியில் வடிகட்டிப் பார்ப்பாள். கல் இருக்காது. இரண்டு வாரம் ஓடிவிட்டது. வலி நடுவில் இரண்டுதரம் தலைகாட்டி, பல்லைக் கடித்து நிற்க நிற்கத் தணிந்தது.

இரண்டாம் வாரக் கடைசியில், விடியலில், குடிசைக்குப் பின்னால் வேம்பு சுவரில் தலையை முட்டிக்கொண்டு குந்தியிருந்ததைப் பார்த்தாள்.

"என்னடி?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சொல்லுடி."

"எரியிதும்மா. நாலு நாளா. சொட்டுச் சொட்டாத்தான் வருது."

"என்னாண்ட ஏண்டி சொல்லல? தண்ணி குடிச்சியா?"

வேம்பு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குறையோ கோபமோ இல்லை. சொன்னபடி நடந்துகொண்ட பிள்ளையின் பார்வை அது. "நீதானம்மா குடிக்கக் கூடாதுன்னே?" என்றாள்.

அம்சத்துக்கு அந்த நிமிஷத்தில் பஞ்சநதத்தின் மேலும் வைரக்கண்ணுவின் மேலும் இருந்த கோபமெல்லாம் சேர்ந்து தன் மேலேயே திரும்பிற்று. தட்டிவிட்ட கை இந்தக் கைதானே என்று தோன்றியது. சுவரில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டாள். வேம்பு பயந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்சம் பெண்ணுக்கு அங்கேயே இரண்டு செம்பு தண்ணீர் கொடுத்தாள். நாளைக்கே மாயவரம் கூட்டிப் போவதென்று முடிவு செய்தாள். ஆனால் இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

அன்று நடவு திடலுக்கு அடுத்த வயலில். நாற்றங்காலில் பறித்துக் கட்டிய நாற்று முன்னூறு முடி வரப்பில் வந்து இறங்கியிருந்தது. பறித்த நாற்று வெயிலில் கிடந்தால் நிறம் மாறிவிடும், அன்றன்றைக்கே நட்டாக வேண்டும். அம்சம் தெரு அடிபம்பிலிருந்து இரண்டு குடம் தண்ணீரும் ஒரு செம்பும் கொண்டுவந்து வரப்பில் வைத்தாள். நட ஆரம்பித்து ஒரு நாழிகை கழிந்ததும் நிமிர்ந்தாள்.

"எல்லாரும் வந்து குடிங்கடி."

யாரும் அசையவில்லை. "குடிச்சிட்டு?" என்றாள் ஒருத்தி.

"குடிச்சிட்டு எல்லாரும் சேந்து போவோம். ஒருத்தி போனாத்தான வரிச கோணும்? மொத்தமாப் போனா எங்க கோணுது? எனக்குக் கல்லு. எம் பொண்ணுக்கு எரிச்சல். ஒங்கள்ல யாருக்கு எரியல, கைய தூக்குங்க பாப்பம்."

ஒரு கையும் உயரவில்லை. இருபத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நின்றும் ஒருத்திக்கு எரிவது இன்னொருத்திக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

முதலில் கரையேறியது காத்தாயி. நாற்பது வருஷப் பெருமைக்காரி. செம்பை வாங்கி அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு ஊத்து" என்றாள். அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. குடங்கள் காலியாகி, வேம்பு ஓடிப்போய் மறுபடியும் கொண்டுவந்தாள். அம்சம் மட்டும் காலையிலிருந்து எட்டுச் செம்பு குடித்திருந்தாள். நட்டுக்கொண்டே இருந்தார்கள். உச்சிப் பொழுதுக்கு அம்சம் கையிலிருந்த நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வேலியைப் பார்த்து நடந்தாள். வரிசை அப்படியே அவள் பின்னால் போயிற்று.

காவல்காரன் ஒருவன், பெண்கள் இருபத்திரண்டு பேர். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஞ்சநதத்தைக் கூப்பிட ஓடினான். ஈரமண்ணில் நட்ட கம்பத்தை ஆளுக்கு ஒரு கை போட்டு ஆட்டினார்கள். ஒன்று சாய்ந்தது, அடுத்தது சாய்ந்தது. முள்கம்பி தரையில் படுத்ததும் அதன்மேல் நாற்றுக்கட்டு இரண்டைப் போட்டு மிதித்தார்கள். வழி ஆயிற்று.

அதற்குள் பஞ்சநதம் ஏழெட்டுத் தடியாட்களோடு வந்துவிட்டார். சேதி எட்டி வைரக்கண்ணுவும் சங்கத்து ஆட்களும் அரிவாளும் கம்புமாக மறுபக்கத்திலிருந்து ஓடிவந்தார்கள். இரண்டு கூட்டமும் வரப்பில் முட்டிக்கொண்டு நின்றன. இன்னும் ஒரு கெட்ட வார்த்தை விழுந்தால் ரத்தம்தான்.

"கம்பிய சாச்சவளுவ கைய ஒடைங்கடா!" என்றார் பஞ்சநதம்.

"தொட்டுப் பாருங்கடா!" என்றான் வைரக்கண்ணு.

"நிறுத்துங்க!" என்று அம்சம் கத்தினாள். அந்தக் கத்தலில் ரோட்டு டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "கூலி கேட்டு வரல. மனை கேட்டும் வரல. கொடி நட வரல. நாங்க மூத்திரம் போவ வந்திருக்கோம். கேட்டுக்கிட்டீங்களா? மூத்திரம்! ஒங்க சண்டைய அப்பறம் வெச்சுக்கங்க. இப்ப ஆம்பளைங்க அத்தன பேரும் திரும்பி நில்லுங்க."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தடியாட்களில் ஒருவன் முதலில் திரும்பினான். அவன் பெண்டாட்டியும் நடவுக்காரிதான், வேறு ஊரில். அவனைப் பார்த்து இன்னொருவன். வைரக்கண்ணு அம்சத்தை ஒரு கணம் பார்த்தான், கம்பைத் தாழ்த்தினான், திரும்பினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்சி ஆட்களும் அரிவாளும் தடியுமாக, ஒரே வரிசையில், வயலைப் பார்த்து, திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பஞ்சநதம் மட்டும் குடையோடு அப்படியே நின்றார்.

காத்தாயி அவர் முன்னால் போய் நின்றாள். சங்கம் வந்து எல்லோரும் ஐயா என்று மாறின பிறகும், பழைய வழக்கத்தை விடாமல் ஆண்டே என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

"ஆண்டே, நீங்களுந்தான். திரும்புங்க."

குடை முதலில் திரும்பிற்று, பிறகு அவரும் திரும்பினார்.

பெண்கள் தாழம்புதருக்குப் பின்னால் போனார்கள். அம்சம் மறக்காமல் வடிகட்டும் துணியை இடுப்பிலிருந்து எடுத்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் அந்தப் பழைய கடப்பாரை இறங்கிற்று, இந்தத் தடவை அடிவயிற்றுக்கும் கீழே. "ஐயோ" என்று வேம்புவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். குடித்த எட்டுச் செம்பும் பின்னாலிருந்து முட்டித் தள்ளின. கத்தியால் கீறின மாதிரி ஒரு கணம். அப்புறம் தடையில்லாமல், மதகு திறந்தாற்போல், போய்க்கொண்டே இருந்தது. முதலில் கொஞ்சம் ரத்தம், பிறகு வெளுப்பு. முடிந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். துணியில், கொள்ளைவிடச் சின்னதாக, சொரசொரவென்று பழுப்பாக ஒன்று கிடந்தது.

இவ்வளவு தம்மாத்துண்டா என்று அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தபின், "திரும்பலாம்" என்றாள் காத்தாயி. அம்சம் நேராகப் பஞ்சநதத்திடம் போனாள். நடை தள்ளாடிற்று. துணியை விரித்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"ஒங்க வயல்ல வெளஞ்சதுங்க. இதையும் அளந்துக்குங்க."

பஞ்சநதம் குனிந்து பார்த்தார். அது என்னவென்று அங்கே நின்ற அத்தனை ஆம்பளைகளிலும் அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. முகம் வெளிறிற்று. அவர் கை தன்னை அறியாமல் தன் இடுப்பின் வலது பக்கத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அதை அம்சம் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். குடையை மடக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். தடியாட்கள் பின்னால் போனார்கள்.

மறுநாளே அவர் புகார் கொடுக்கப் போகிறார், இருபத்திரண்டு பேர் மேலும் அத்துமீறல் வழக்கு வரப் போகிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். சாய்ந்த இரண்டு கம்பத்தை மட்டும் மறுபடி நட யாரும் வரவில்லை.

அம்சம் கல்லைத் துணியில் முடிந்து, டாக்டரம்மாவின் சீட்டோடு சேர்த்து இடுப்பில் செருகினாள். வைரக்கண்ணு கிட்டே வந்து தயங்கினான்.

"அந்த நாலாவது..." என்று இழுத்தான்.

"எழுது. மூணாவதுக்கும் மேல எழுது."

வரப்பில் நாற்று வாடத் தொடங்கியிருந்தது. பயிர் என்ன பாவம் செய்தது? பெண்கள் வயலில் இறங்கினார்கள். வேம்பு குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைச் செம்பில் சாய்த்து, வாய் வரை கொண்டுபோய், பழக்க தோஷத்தில் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"என்னெ என்னடி பாக்குறே?" என்று அம்சம் அதட்டினாள். "குடி. முழுசாக் குடி. குடிச்சிட்டு இறங்கு."